14 லட்சம் வரிகளும் 60 பாஸ்புக்குகளும்

தேயிலைத் தொழிற்சாலையின் இலைக் கணக்கில் ஒரு வரி என்பது ஒருவர் ஒரு நாள் கொண்டுவந்த இலை. தேதி, கொள்முதல் சென்டர், விவசாயி எண், மொத்த எடை, கழிவு, நிகர எடை. அவ்வளவுதான். கோத்தகிரிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று இப்படிப் பத்து வருடக் கணக்கை ஒரு பென் டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்தது. 40 சென்டர், சுமார் 1,800 விவசாயிகள், 14 லட்சத்துக்கும் மேல் வரிகள். எக்செல்லில் ஒரு தாளுக்கு 10,48,576 வரிதான் கொள்ளும். அதற்கு மேல் இருந்தால் மிச்சத்தை விட்டுவிட்டு, முழுக் கோப்பும் வரவில்லை என்று ஒரு செய்தி காட்டும். பலர் அந்தச் செய்தியைப் படிக்காமலே ஓகே அழுத்திவிடுவார்கள்.

அவர்களுடைய கேள்வி எளிமையானது. ஒரு விவசாயி ஒருமுறை இலை போட்டதற்கும் அடுத்த முறை போடுவதற்கும் இடையில் எத்தனை நாள்? அது நீண்டால் கொழுந்து முற்றிவிடும், தூளின் தரம் இறங்கும், குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும். கையால் பறிப்பவர்களுக்குச் சுற்று சீக்கிரம் வரும், கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்களுக்குத் தள்ளிப் போகும். பறிக்க ஆள் கிடைக்காமல் கத்தரிக்கு மாறியவர்கள் அதிகம் என்பதால் இந்த இடைவெளி கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு இன்னொன்று: கம்ப்யூட்டரில் இருப்பதும் விவசாயி கையில் இருக்கும், இலை எடையைப் பதிகிற பாஸ்புக்கும் ஒத்துப்போகிறதா? இரண்டாவது கேள்விக்கு யாராவது மலையேறி இறங்கி வீடு வீடாகப் போக வேண்டும். அதற்குத்தான் மாதிரி, 60 பேர். கணினிக்கு மாதிரியே தேவையில்லை. 14 லட்சம் வரி என்பது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கு ஒன்றுமே இல்லை, என்னுடைய பழைய லேப்டாப்பே சில நொடிகளில் படித்துவிடுகிறது. "டேட்டா பெரிசு, அதனால் சாம்பிள் எடுக்கிறேன்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எவ்வளவு பெரிசு என்றுதான்.

சரி, மாதிரி எடுக்க வேண்டும். பலருக்கும் முதலில் தோன்றுவது வரிகளிலிருந்து பத்தில் ஒன்றைக் குலுக்கி எடுப்பது. எடையின் சராசரி மட்டும் வேண்டுமென்றால் அது போதும். ஆனால் இடைவெளி கேட்கிறோமே! 12 நாளைக்கு ஒருமுறை ஒழுங்காக இலை போடுகிற ஒருவரின் வரிகளில் பத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால், மிஞ்சுகிற வரிகளுக்கு இடையே சராசரியாக 120 நாள் இருக்கும். நான்கு மாதம் இலையே பறிக்காத மனிதராகிவிடுவார். வரிகள் எதுவும் பொய்யில்லை, எல்லாமே அசல் வரிகள்தான். பாஸ்புக் சரிபார்ப்புக்கும் இதே கதை. ஒருவருடைய புத்தகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டுப் பதிவுகளை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதில் அர்த்தமில்லை. போனது போனோம், முழுப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். ஆக, எடுத்தால் ஒரு விவசாயியின் பத்து வருட வரிகள் அத்தனையும் வர வேண்டும். விட்டால் ஒன்றுகூட வரக்கூடாது.

இதைத் தொழிற்சாலையின் கணக்கர் அண்ணாவுக்கு விளக்க நான் பிடித்துக்கொண்டது உத்திரமேரூரை. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. எல்லோரும் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான்: தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, சின்னப் பையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்வது. இங்கே நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். ஒரு பெயருக்கு ஒரு ஓலை. நிலம் எவ்வளவு இருந்தாலும் ஓலை ஒன்றுதான்.

"அதான் தெரியுமேம்மா, இதுல என்ன இருக்கு?" என்றார்.

இருக்கிறது. விவசாயி எண் என்ற நெடுவரிசையை அப்படியே சாம்பிள் கட்டளைக்குள் போட்டால், குடத்தில் வரிக்கு ஒரு ஓலை விழுகிறது. பத்து வருடத்தில் 2,400 முறை இலை போட்ட பெரிய தோட்டக்காரருக்கு 2,400 ஓலை. அரை ஏக்கர் வைத்துக்கொண்டு 300 முறை போட்ட பாட்டிக்கு 300. ஒவ்வொரு இழுப்பிலும் தோட்டக்காரருக்கு எட்டு மடங்கு வாய்ப்பு. வந்த பட்டியலைப் பார்த்தால் சந்தேகமே வராது, எல்லாம் உண்மையான எண்களாகத்தான் இருக்கும். பெரியவர்கள் பக்கமாகப் பட்டியல் சாய்ந்திருப்பது மட்டும் வெளியே தெரியாது. அதனால் முதலில் 'யூனிக்' போட்டு எண்களைத் தனித்தனியாக்க வேண்டும். அப்புறம் அதிலிருந்து சாம்பிள். அப்புறம் அந்த எண்களுக்கு உரிய வரிகளை எல்லாம் பெரிய கோப்பிலிருந்து 'செமி ஜாயின்' மூலம் இழுத்துக்கொள்ள வேண்டும். மூன்றே வரி நிரல்.

இதைவிடச் சுருக்கமாக ஒரே கட்டளையில் முடியாதா என்று தேடுகிறவர்கள் விழுகிற குழி வேறொன்று. ஆரில் 'குரூப் பை' போட்டு, அதன்பின் 'ஸ்லைஸ் சாம்பிள்' போட்டால் அது குழுக்களை எடுக்கும் என்று நினைப்பது. எடுக்காது. ஒவ்வொரு குழுவுக்குள்ளிருந்தும் சில வரிகளை எடுக்கும். பைத்தானில் பாண்டாஸ் 'குரூப்பை' முடித்து 'சாம்பிள்' என்றாலும் அதுதான். ஸ்டேட்டாவில் 'சாம்பிள்' கட்டளைக்கு 'பை' என்று விருப்பம் கொடுத்தாலும் அதுதான். மூன்று மென்பொருள்களும் ஒரே மாதிரி யோசிக்கின்றன: குழு என்றால் எல்லாக் குழுவிலிருந்தும் கொஞ்சம். உத்திரமேரூரிலும் அப்படித்தான், 30 குடும்புகள் (இன்றைய வார்டு மாதிரி), குடும்புக்கு ஒருவர். ஊராட்சிக்கு அது சரியான முறை. நமக்கு வேண்டியது குடும்பையே முழுசாகத் தூக்குவது. இரண்டும் வேறு வேறு காரியம், பெயர் மட்டும் ஒரே மாதிரி ஒலிக்கிறது.

கோவையில் இருக்கும் என் தோழி ஸ்டேட்டா ஆள். அவளுடைய வழி: ஒவ்வொரு விவசாயிக்கும் 'ஈஜென் டேக்' மூலம் ஒரே ஒரு வரியில் 1 என்று குறியிடுவது, அந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு 'சாம்பிள் 60, கவுன்ட்' கொடுப்பது, அந்த 60 எண்களைச் சேமித்து, மூலக் கோப்போடு 'மெர்ஜ்' செய்வது. இதில் 'கவுன்ட்' என்ற சொல்லை மறந்தால் 60 சதவீதம் எடுத்துவிடும். அதே ஸ்டேட்டாவில் 'பிசாம்பிள்' என்று ஒன்று உண்டு, அதற்கு 'கிளஸ்டர்' விருப்பமும் உண்டு. பார்த்தவுடன் இதுதான் நமக்கு வேண்டியது என்று தோன்றும். ஆனால் அது எடுத்த ஓலையைத் திரும்பக் குடத்துக்குள் போட்டுவிட்டு மறுபடி எடுக்கிறது, ஒரே விவசாயி இரண்டு மூன்று முறை வரலாம். பூட்ஸ்டிராப், அதாவது அதே மாதிரியிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுப்பது, செய்கிறவர்களுக்கு அது வேண்டும். ஒரே வீட்டுக் கதவை இரண்டு முறை தட்ட நமக்கு வேண்டாம். சாஸ் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை, அதன் 'சர்வேசெலக்ட்' நடைமுறையில் குழுவாக எடுக்கவே தனியாக 'கிளஸ்டர்' என்ற வாசகம் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்குகிற மென்பொருளில் அதுகூட இல்லையென்றால் எப்படி!

ஆனால் இந்தக் கட்டளைகளெல்லாம் கால்வாசி வேலைதான். மிச்ச முக்கால்வாசி, யார் ஒரு விவசாயி என்று முடிவு செய்வது. நேரம் முழுக்க அதிலேயே போனது.

விவசாயி எண் ஒவ்வொரு சென்டரிலும் 1 முதல் தொடங்குகிறது. அரவேணுப் பக்கத்து 47-ம் சோலூர்மட்டம் பக்கத்து 47-ம் வேறு வேறு ஆட்கள். எண்ணை மட்டும் வைத்து 'யூனிக்' போட்டால் 1,800 பேர் சில நூறு பேராகச் சுருங்கிவிடுவார்கள், 40 சென்டரின் 47-களும் சேர்ந்து தினமும் இலை போடுகிற ஒரே அசுர விவசாயி ஆகிவிடுவார். எனவே சென்டர் குறியீட்டையும் எண்ணையும் ஒட்டி ஒரு சாவி. பழைய வருடங்களில் எண்களை '047' என்று எழுத்தாகப் பதிந்திருக்கிறார்கள், பிற்பாடு வந்த மென்பொருள் 47 என்று எண்ணாக மாற்றிவிட்டது. முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் போனால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிறார், அவருடைய பத்து வருடம் நடுவில் இரண்டாக அறுபடுகிறது. முழுக் குழுவை எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பாதிக் குழுவை எடுத்துக்கொண்டிருப்போம்.

இதையெல்லாம் கணினியில் உட்கார்ந்தே சரிசெய்யலாம். அடுத்தது முடியாது. ஒருவர் இறந்தபின் அவருடைய எண்ணிலேயே மகன் இலை போடுகிறார். இன்னொரு வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேருக்கு மூன்று பாஸ்புக், ஆனால் தோட்டம் ஒன்று. பட்டா பிரியவில்லை, பாத்தியைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வேறொரு வீட்டில் இலை ஒருநாள் கணவர் பெயரில், இன்னொருநாள் மனைவி பெயரில். யார் கொண்டுபோய் எடை போட்டார்களோ அவர் புத்தகம். இந்த வீட்டில் இடைவெளி என்பதை யார் பெயரில் கணக்கிடுவது? செடிக்கு யார் புத்தகம் என்று தெரியாது. செடியைப் பொறுத்தவரை கணவன் மனைவி இருவரும் ஒருவர்தான். கணக்கர் அண்ணாதான் இதற்கு விடை. 25 வருடமாக அதே மேசை. நான் பட்டியலைத் திரையில் உருட்டுவேன், அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "இது ரெண்டும் ஒரே வீடு. அது வேற, அது அவர் மச்சான். இவங்க பேரு ஒண்ணுதான், ஆனா இவங்க மேல் ஹட்டி, அவங்க கீழ் ஹட்டி" என்று சொல்லிக்கொண்டே போவார். அதை ஒரு சின்ன அட்டவணையாக எழுதி, பழைய சாவிக்குப் பக்கத்தில் வீட்டுச் சாவி என்று புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன். எந்த மென்பொருளின் உதவிப் பக்கத்திலும் கிடைக்காத நெடுவரிசை அது.

அப்புறம் பயணச் செலவு பற்றிய பேச்சு வந்தது. 60 வீட்டைத் தற்செயலாக எடுத்தால் அவை 40 சென்டரிலும் சிதறிக் கிடக்கும். ஒரு வீட்டுக்காக ஒரு மலை ஏற வேண்டும். அண்ணாவின் யோசனை, ஆறு சென்டரை மட்டும் எடுத்து அங்கே உள்ள எல்லோரையும் பார்த்துவிடலாம் என்பது. சென்டருக்கு 45 பேர் வீதம் 270 புத்தகம். "அறுபதைவிட இருநூத்து எழுபது நல்லதுதானே?" என்றார்.

நல்லதாகத்தான் படும். ஆனால் ஒரு சென்டருக்கு இலை போடுகிறவர்கள் ஒரே சரிவில் இருக்கிறவர்கள். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிச் சரிவில் கொட்டும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் பறிப்பு நிற்கிறது. ஜனவரியில் பள்ளத்தில் உறைபனி இறங்கினால் அந்தப் பள்ளத்துத் தோட்டம் அத்தனையும் கருகுகிறது, மேட்டில் இருப்பவர் தப்பிக்கிறார். இலை லாரி வரும் நாளும் ஒன்று. எனவே அந்த 45 பேரும் பெருமளவு ஒரே சேதியைத்தான் சொல்வார்கள். இதற்குப் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் கொடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது: குழுவில் உள்ளவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, ஒருவரோடொருவர் ஒத்துப்போகும் அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டு. ஒத்துப்போகும் அளவை 0.1 என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். 44 பெருக்கல் 0.1, கூட்டல் 1, ஆக 5.4. 270-ஐ 5.4-ஆல் வகுத்தால் 50. அதாவது 270 புத்தகத்தைப் புரட்டினாலும் தற்செயலாக எடுத்த 50 பேரைப் பார்த்த அளவுக்குத்தான் விஷயம் கிடைக்கும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் அண்ணா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. "அப்ப 220 பேர் வேஸ்ட்டா?" என்று கேட்டார், அது நியாயமான கேள்விதான்.

கடைசியில் நடுவழி. 12 சென்டர், சென்டருக்கு ஐந்து வீடு. அதே சூத்திரத்தில் போட்டால் 1.4, 60 பேர் கிட்டத்தட்ட 43 பேருக்குச் சமம். ஜீப்புக்கும் கட்டுப்படியாகிறது, எனக்கும் கட்டுப்படியாகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், பெரியவர்களுக்கு அதிக ஓலை விழக்கூடாது என்று முன்னால் சொன்ன அதே காரியத்தை இங்கே வேண்டுமென்றே செய்ய வேண்டியிருக்கிறது. சென்டரை எடுக்கும்போது, அதிலுள்ள வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாய்ப்புக் கொடுக்க வேண்டும். 80 வீட்டுச் சென்டருக்கு 20 வீட்டுச் சென்டரைப்போல் நான்கு மடங்கு. பிறகு இரண்டிலும் ஐந்து ஐந்து வீடு என்று எடுத்தால், பெரிய சென்டரில் ஒருவருக்கு உள்ளே வாய்ப்புக் குறைவு, சின்ன சென்டரில் அதிகம். இரண்டும் சமன்பட்டு எந்த வீட்டுக்கும் மொத்தத்தில் ஒரே வாய்ப்பு. தேசியக் குடும்பநல ஆய்வில் கிராமங்களைத் தேர்ந்தெடுப்பதும் இந்த வழியில்தான். தெரியாமல் செய்தால் சாய்வு, தெரிந்து செய்தால் முறை.

ஆர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு சென்டரில் ஒரே ஒரு ஆள் மிச்சமிருந்து, அவர் எண் 212 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலைச் சாம்பிளுக்குக் கொடுத்தால், ஆர் அதை ஓர் ஆளாகப் பார்க்காது. 1 முதல் 212 வரை என்று எடுத்துக்கொண்டு அதில் ஏதோ ஒன்றை நீட்டும். இல்லாத விவசாயியைத் தேடி யாரோ சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். சாவி எழுத்தாக இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. எங்கள் சாவியில் சென்டர் குறியீடு ஒட்டியிருந்ததால் தப்பித்தது.

சீட் எண்ணைப் பற்றியும், அதாவது கணினியின் குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்ணைப் பற்றியும், ஒரு வார்த்தை. 'செட் சீட்' கொடுத்துவிட்டால் எப்போது ஓட்டினாலும் அதே 60 வரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாதி உண்மை. 'யூனிக்' எண்களைக் கோப்பில் முதலில் தென்பட்ட வரிசையில்தான் தரும். யாராவது கோப்பைத் தேதிக்குப் பதில் சென்டர் வாரியாக அடுக்கிவைத்தால், சீட் அதேதான், ஆட்கள் வேறு. ஆகவே சாவிகளை முதலில் அகர வரிசையில் அடுக்கிவிட்டுத்தான் குலுக்க வேண்டும். அதோடு 2019-ல் வந்த ஆர் 3.6.0 பதிப்பில் சாம்பிள் கட்டளை உள்ளே எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றினார்கள், அதற்கு முந்தைய பதிப்பில் ஓட்டினால் அதே சீட்டுக்கு வேறு பட்டியல் வரும். என் கருத்தில் சீட்டைவிட உறுதியானது காகிதம். தேர்ந்தெடுத்த 60 சாவிகளையும் தனிக் கோப்பாகச் சேமித்து, அச்செடுத்து, தேதி போட்டு அண்ணாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பிறகு "இவர் வீடு தூரம், பக்கத்து வீட்டைப் பார்த்துக்கலாம்" என்று யாரும் மாற்ற முடியாது.

12 சென்டரையும் குலுக்கலிலேயே ஆறு ஆறாகப் பிரித்து, களப்பணியாளர்கள் இருவரிடம் கொடுத்தோம். இது மகலனோபிஸின் பழக்கம். 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர், வங்கத்தில் சணல் பயிர்ப் பரப்பை அளந்தபோது தனித்தனி மாதிரிகளைத் தனித்தனி ஆட்களிடம் கொடுத்து, இரண்டு விடையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பெரிதாக வித்தியாசம் வந்தால் பயிரைவிட அளந்தவரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். எங்கள் பையன்கள் இருவருக்கும் இந்த விவரத்தைச் சொல்லித்தான் அனுப்பினேன். ஒளித்துவைத்துச் சோதிப்பது எனக்குப் பிடிக்காது.

களத்தில் அதிகம் கேட்கப்பட்டது, "ஏன் தம்பி எங்க வீடு மட்டும்?" என்பதுதான். கழிவு பிடிப்பதைப் பற்றிப் புகார் சொன்னதற்குப் பழிவாங்கல் என்று ஒரு அக்கா முடிவே கட்டிவிட்டாராம். மழைநாளில் ஈர இலைக்குக் கழிவு எத்தனை கிலோ பிடிப்பது என்பதில் இந்த மலையில் சண்டை இல்லாத சென்டரே கிடையாது, அவரைக் குறை சொல்ல முடியாது. அச்சடித்த பட்டியலையும் குலுக்கல் நடந்த விதத்தையும் காட்டிய பிறகுதான் பாஸ்புக் வெளியே வந்திருக்கிறது. பிளாஸ்டிக் கவர் போட்டு, வருடவாரியாக ரப்பர் பேண்டில் கட்டி, எங்கள் டேட்டாபேஸைவிட ஒழுங்காக.

இப்போது இழுபறியில் இருப்பது ஒரே ஒரு பெயர். பட்டியலில் உள்ள ஒருவர் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அவருடைய வரிகள் 2021 மார்ச்சோடு நிற்கின்றன. ஆளே இல்லையே, அடுத்த வீட்டைப் போட்டுக்கொள்ளலாமே என்கிறார் அண்ணா. நான் விடவில்லை. இன்றைக்கு இலை போடுகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு பத்து வருடத்தைப் பார்த்தால், விட்டுப் போனவர்கள் எல்லோரும் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடுவார்கள். கடைசி வருடங்களில் அவர்களுடைய இடைவெளி எப்படி நீண்டது என்பதுதான் தொழிற்சாலை தெரிந்துகொள்ள வேண்டியதே. அவர் பட்டியலில் இருக்கிறார், புத்தகம் மட்டும் பாக்கி. மகளுடைய போன் நம்பர் கிடைத்திருக்கிறது. புத்தகத்தின் பக்கங்களை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி அண்ணாவே பேசுகிறேன் என்றிருக்கிறார்.